டீச்சர், அந்த மூணு பேர் பேரு என்ன?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவனுடைய மகள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெண்ணோடு வேலை செய்யும் அம்மா ஒருவர் ஜெர்மன் வம்சாவளி. தன் கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் கப்பல் ஏறினாள், எந்த வருஷம் வந்து சேர்ந்தாள், பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எத்தனை பிள்ளை பெற்றாள் என்று ஒரு பெரிய தாளில் வரைந்து வைத்திருக்கிறாராம். அதைக் காட்டிவிட்டு, "உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. அவன் எனக்குப் போன் போட்டான்.

"டீச்சர், நீங்கதானே ஹிஸ்டரி. இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சிரித்துக்கொண்டே இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்கும் தெரியாது. இந்த ஒரு வாரமாக அதே நினைவுதான். நெப்ராஸ்கா என்ற பெயரைக் கேட்டதும் இன்னொரு பழைய கடனும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. அமெரிக்காவின் நடுப்பகுதியில் மலையும் காடும் இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளியாகக் கிடந்த நிலத்துக்கு பிரெய்ரி என்று பெயர். 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. சிறு கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நெப்ராஸ்காவில் பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1870களில் அவர்கள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போய்விட வேண்டியதாயிற்று. அந்த இடங்களில் ஐரோப்பியர்கள் வந்து குடியேறினார்கள். நெப்ராஸ்காவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களில் ஜெர்மானியர்களே அதிகம்.

மரம் கிடைக்காத ஊரில் புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி, செங்கல் போல அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீடே கூப்பிடு தூரத்தில் இருக்காது. வெட்டுக்கிளிகள் மேகம் போல வந்து இறங்கி 1874இல் பயிரையெல்லாம் தின்று தீர்த்தன. பிரசவம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் வந்து பார்ப்பார்கள். டாக்டர் இருப்பது பல மைல் தள்ளி. குதிரை வண்டி போய்த் திரும்புவதற்குள் குழந்தை பிறந்திருக்கும், அல்லது எல்லாம் முடிந்திருக்கும்.

அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரிலேயே நிலம் கேட்கலாம். ஆனால் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அது கிடையாது. அவளும் சேர்ந்துதான் உழுதாள், விதைத்தாள். பத்திரத்தில் கணவன் பெயர்.

அப்படியானால் அந்த ஜெர்மன் அம்மாவுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் எப்படிக் கிடைத்தது? குடும்ப பைபிள் என்று ஒன்று அந்த வீடுகளில் இருக்கும். அதன் ஏடுகளில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். ஜெர்மன் பதிவேடுகளில் மணமான பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'கெபோரென' என்று போட்டு, அவள் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதும் வழக்கம் உண்டு. 'இன்ன வீட்டில் பிறந்தவள்' என்று பொருள். பத்திரத்தில் இல்லாதவள் பைபிளில் இருந்தாள்.

இனி என் பழைய கடனுக்கு வருகிறேன். அந்த நெப்ராஸ்கா புல்வெளியில் சிறுவயதில் சில வருஷம் வளர்ந்த ஒரு பெண்ணை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வகுப்பில் வருஷா வருஷம் சொன்ன கதை அவருடையது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

அவர் ஜெர்மன் வம்சம் அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து வந்த குடும்பம். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் மனைவி ஹாரியட்டோடு கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்து, 1836இல் மதராசுக்கு வந்தார். அவருடைய ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் மிஷன் வேலைக்கே போனார்கள். நான்கு தலைமுறையில் 42 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். ஹாரியட் 1849இல் மதராசிலேயே காலமானார். தாத்தாவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பாட்டியின் பெயரை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. ஹாரியட் வாட்டர்பரி. இன்றைக்கு எழுதிவிட்டேன்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா அந்தத் தாத்தாவின் மகன்களில் ஒருவர், அவரும் டாக்டர், பெயரும் ஜான். அம்மா சோஃபியா. ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு ஒரே தங்கை. ஆறேழு வயதில் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தார். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்த பஞ்சம். நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழவேற்காடு, எண்ணூர் வழியாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்தது அந்தப் பஞ்ச காலத்து கவர்னரின் பெயரால்தான். மதராசில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்கு மண் சுமந்த ஜனங்களின் கால்வாய் அது. அந்த நாளில் எழுந்து நிற்கவும் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டியதை ஐடா கடைசிவரை மறக்கவில்லை என்பார்கள்.

அப்பாவுக்கு உடம்பு கெட்டுக் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. நெப்ராஸ்காவில் கிரெஸ்டன் பக்கம் ஒரு பண்ணை. குதிரை, திறந்த வெளி, அண்ணன்களோடு ஓட்டம். பஞ்சத்தைப் பார்த்த குழந்தைக்கு அது வேறு உலகமாக இருந்திருக்கும். அதுவும் நீடிக்கவில்லை. 1880களின் தொடக்கத்தில் அப்பா இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு அம்மாவும் புறப்பட்டார். பெண்ணைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அம்மா போன அன்று அந்தப் பெண் அம்மாவின் தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தை நான் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவேன். பாடத்துக்கு வேண்டியது ஆஸ்பத்திரிதானே. ஆனால் சிப்காட் வந்த பிறகு நம் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். அப்பா அம்மா இங்கே, அக்கா ஊரில் பாட்டியிடம். அல்லது பிள்ளை இங்கே சித்தப்பாவிடம், அம்மா ஊரில். பண்டிகைக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐடா ஏன் 'நான் ஒருநாளும் மிஷனரியாகப் போக மாட்டேன்' என்று உறுதியாக இருந்தார் என்பது. அந்த வேலைதானே அம்மாவைப் பிரித்தது.

1890இல் திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போனது. பார்த்துக்கொள்ள மகள் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் வந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு இரவு. வாசலில் ஒரு பிராமணர். இளம் மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்று ஐடாவைக் கேட்டார். நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் வந்து பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்திலிருந்து ஒருவர். அவரும் அப்படியே திரும்பினார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு மதராஸ் பட்டணத்தில் நிலைமை வேறு. 1875லேயே மதராஸ் மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் படிக்கச் சேர்ந்தார்கள். 1885இல் கோஷா ஆஸ்பத்திரி வந்துவிட்டது. முழுக்க முழுக்கப் பெண்களுக்கான ஆஸ்பத்திரி. ஆனால் திண்டிவனத்துக்கு அது வந்து சேரவில்லை. நெப்ராஸ்காவில் ஒரு ஜெர்மன் பெண்ணுக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்தது மைல் கணக்கில் புல்வெளி. திண்டிவனத்தில் டாக்டர் அதே ஊரில் இருந்தார். நடுவே இருந்தது வழக்கம். புல்வெளியைக் குதிரை கடந்துவிடும்.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். ஷெல் என்ற நியூயார்க் பாங்கர் தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதத்தில் அப்பா காலமானார். வீட்டில் ஒரு சின்ன அறையிலேயே வைத்தியம் தொடங்கினார். சலோமி என்ற நம் ஊர்ப் பெண்ணை உதவிக்குப் பழக்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1909இல் நர்சுகளுக்கான பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தால் அதிகம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வந்தவை 151. முதல் அணியில் 14 பெண்கள் 1922இல் படிப்பை முடித்து டாக்டராக வெளியே வந்தார்கள். இந்த 151ஐ நான் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன், ஞாபகம் இருக்கிறதா?

அவ்வளவு புகழ். வெளிநாட்டிலிருந்து 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் வேலூருக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்பார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

இப்போது கடன். 1990களில் ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பெண். அதற்கு முந்தின வருஷம்தான் அவளுடைய அக்கா பிரசவத்தில் இறந்திருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"டீச்சர், அந்த மூணு பேர் பேரு என்ன?"

"அதெல்லாம் பாடத்துல இல்லம்மா. உட்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி எழுந்ததே அந்த மூன்று பெண்களால்தான். ஆனால் கதை சொல்லும்போது அவர்கள் 'ஒரு பிராமணரின் மனைவி, ஒரு முஸ்லிமின் மனைவி, இன்னொருவரின் மனைவி'. புருஷனின் சாதியும் மதமும் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. நான்கு தலைமுறையில் 42 பேரின் கணக்கு இருக்கிற கதையிலேயே அந்த மூன்று பேருக்குப் பெயர் இல்லை. நானும் வருஷா வருஷம் அப்படியேதான் சொன்னேன்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவளை அறிந்திருந்தால் சொல்லுங்கள், டீச்சர் மன்னிப்புக் கேட்டாள் என்று.

இனி நம் வீட்டுக் கதை. உறவினர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

என் பெரியப்பா எழுதி வைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐந்து தலைமுறை வம்சாவளி. யாருக்கு யார் மகன், எந்தக் கழனி யார் பங்குக்கு வந்தது என்றெல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். பெண்கள் இருக்கும் இடத்தில் 'மனைவி', 'இரண்டாம் தாரம்', 'கவரைப்பேட்டைக்குக் கொடுத்தது' என்று மட்டும் இருக்கும். ஏதோ சாமானைக் கொடுத்த மாதிரி.

என் ஆயா, அப்பாவின் அம்மா, நான்கு வயதில் தாயை இழந்தவர். முதல் உலக யுத்த காலம். இரண்டாவது பிரசவம். இரண்டு நாள் வலி. ஊரில் மருத்துவச்சிக் கிழவி கையை விரித்துவிட்டாள். பொன்னேரிக்குக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்களாம். அங்கே ஆம்பளை டாக்டர்தானே என்று பெரியவர்கள் வேண்டாம் என்றார்களாம். வேலூரில் அதற்குள் ஐடா அம்மாவின் ஆஸ்பத்திரி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். யாருக்குத் தெரியும்?

சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், "உங்க அம்மா பேரு என்ன ஆயா?"

"அம்மான்னுதான் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிட ஆளில்ல. பேரு யாரு சொன்னா எனக்கு?"

அதோடு விட்டுவிட்டேன். போன வாரம் மாணவனின் போன் வந்த பிறகு, நம் குடும்பத்தில் மிச்சமிருக்கும் மூத்தவர் சின்ன அத்தையைப் பார்க்கத் திருவள்ளூர் போனேன். தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம், ஞாபகம் கத்தி. விஷயத்தைச் சொன்னேன். அத்தை சிரித்தார்.

"உங்க பெரியத்தைக்கு வெச்ச பேரு யாருதுன்னு நெனச்ச?"

பெரியத்தையை நாங்கள் எல்லோரும் 'பாப்பா அத்தை' என்றுதான் கூப்பிடுவோம். எழுபது வயதிலும் பாப்பா. உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

சின்ன அத்தை சொன்னது இது. ஆயாவுக்கு முதல் பெண் பிறந்தபோது, ஆயாவின் அப்பா, வயதானவர், வந்து குழந்தையின் காதில் மூன்று முறை ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். செத்துப்போன தன் மனைவியின் பெயர். அது யாருடைய பெயர் என்று ஆயாவிடம் அவர் சொல்லவில்லை. ஊரில் வயதான கிழவிகள் புரிந்துகொண்டார்கள். ஆனால் பிரசவத்தில் செத்தவளின் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட அவர்களுக்குப் பயம். அதனால் பாப்பா. ஒரு கிழவி சின்ன அத்தையிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அத்தையும் யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

"ஆயாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை?"

"அவ அழுவா."

அங்கேயே உட்கார்ந்து நானும் அழுதேன். பக்கத்து அறையில் பேரப்பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஐடாவின் முழுப் பெயர் ஐடா சோஃபியா ஸ்கடர். நடுவில் இருப்பது அம்மாவின் பெயர். தன்னைச் சிகாகோவில் விட்டுவிட்டுப் போன அதே அம்மா. பிறகு வேலூரில் மகளின் ஆஸ்பத்திரி வேலைக்குத் துணையாக நின்றவரும் அவர்தான். ஐடாவின் அண்ணன் மகளுக்கும் ஐடா என்றே பெயர். அவரும் டாக்டராகி வேலூருக்கே வந்து எக்ஸ்ரே பிரிவை வளர்த்தார். அவர்கள் பெயரை வெளியே தெரிய வைத்துக்கொண்டார்கள். நாம் அதே பெயரை வைத்துவிட்டு, அதன் மேல் 'பாப்பா' என்று ஒரு துணியைப் போட்டு மூடினோம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஜெர்மன் அம்மாவுக்கு பைபிள் ஏட்டில் கிடைத்தது, எனக்கு ரேஷன் கார்டில் கிடைத்தது.

கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பொதுவில் எழுதவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். பெரியப்பாவின் நோட்டில் 'மனைவி' என்று இருக்கிற இடத்திற்கு மேலே சிவப்பு மையில் எழுதியும் விட்டேன். பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். டீச்சர் ரிட்டயர் ஆனாலும் விடமாட்டாள். அம்மாவின் அம்மா பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய அம்மா பெயர்? அப்பா வழியிலும் அப்படியே. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். 'பேரு என்ன' என்று நேராகக் கேட்டால் தெரியாது என்பார்கள். 'யாருக்கு யார் பேரு வெச்சீங்க' என்று கேளுங்கள். பழைய பத்திரம், ரேஷன் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை, மொய் நோட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிரசவத்தில் இறந்தவர்கள் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். அவர்களைப் பற்றித்தான் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஒமாஹாவில் இருக்கும் பெண்ணுக்கு அவளுடைய அப்பா நேற்று ஒரு பெயரை அனுப்பிவிட்டான். பொன்னேரியில் அவனுடைய பெரியம்மாவிடம் கிடைத்ததாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்